மின்வாயில் பிறக்கும் ஒளி

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

இந்த மேடை எனக்குப் புதியதன்று. முல்லைத் திணை பற்றியும் காப்பிய மகளிர் பற்றியும் இங்குப் பேசியிருக்கிறேன். இவ்வாண்டும் அத்தகையதொரு தலைப்பையே விழாக்குழுவினர் எதிர்பார்த்தனர். நான் எழுதிக் கொடுத்த தலைப்பைக் கண்டு, தவறான தாளை அனுப்பிவிட்டீர்களோ என்று செயலாளர் தொலைபேசியில் கேட்டார். தவறு ஏதுமில்லை. வேதிவினை நிகழும்போது மின்வாயின் அருகே பிறக்கும் ஒளியைப் பற்றியே இன்று பேச வந்திருக்கிறேன். பள்ளியோடு வேதியியலை விட்டுவிட்ட தமிழாசிரியைக்கு இதில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். கேட்கவும் வேண்டும். அக்கேள்விக்குரிய விடையிலிருந்தே தொடங்குகிறேன்.

அறிக்கையின் அடியில் ஒரு சொல்

மூன்றாண்டுகளுக்கு முன் என் குரல் கெட்டது. வகுப்பில் செய்யுளை ஓசையோடு படிக்கத் தொடங்கினால் பாதியிலேயே தொண்டை கம்மிவிடும். "அம்மா, குரல் கட்டியிருக்கிறதா?" என்று மாணவியர் கேட்பார்கள். பனி என்பேன், சுண்ணாம்புக்கட்டித் தூசு என்பேன். பிறகு மறதி வந்தது. இருபதாண்டுகளாக மனப்பாடமாக இருந்த பாடலின் மூன்றாம் அடி வகுப்பின் நடுவே நழுவிப் போயிற்று. காலையில் எழுவதே பெரும்பாடாயிற்று. வீட்டில் வயது என்றார்கள். கல்லூரியில் வேலைப்பளு என்றார்கள். நானோ என்னைப் பற்றி இன்னும் கடுமையான தீர்ப்பொன்றை எழுதி வைத்திருந்தேன். எனக்குத் தமிழின்மீதிருந்த ஈடுபாடு வற்றிவிட்டது என்பதே அத்தீர்ப்பு. அந்த ஓராண்டில் நான் ஒரு கவிதைகூட எழுதவில்லை என்பதை இவ்வட்டத்தின் கையெழுத்துப் படிகளே சொல்லும்.

என் தாயார்தாம் என்னைக் கைப்பிடியாக மருத்துவரிடம் அழைத்துச் சென்றார். மருத்துவர் குருதிச் சோதனைக்கு எழுதிக் கொடுத்தார். மறுநாள் அறிக்கை வந்தது. தைராய்டுச் சுரப்பியைத் தூண்டும் இயக்குநீர் அளவுக்கு மேல் உயர்ந்திருந்தது. சுரப்பி தரவேண்டிய தைராக்ஸின் குறைந்திருந்தது. காலையில் வெறும் வயிற்றில் விழுங்க ஒரு சிறு மாத்திரை தரப்பட்டது. சில திங்களில் குரல் திரும்பியது; மூன்றாம் அடியும் திரும்பியது.

அந்த அறிக்கையை நான் பலமுறை படித்தேன். எண்ணுக்குக் கீழே, 'முறை' என்ற இடத்தில், இ.சி.எல்.ஐ.ஏ. என்று ஐந்து ஆங்கில எழுத்துகள் இருந்தன. "என்னடி எழுதியிருக்கிறது?" என்று அம்மா கேட்டார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. முனைவர் பட்டம் பெற்றவள். ஐந்து எழுத்துக்கு விடை தெரியாமல் தாயின் முன் நின்றேன். மறுநாள் எங்கள் கல்லூரி வேதியியல் துறை அம்மையாரிடம் அத்தாளை நீட்டினேன். அவர் பார்த்துவிட்டுச் சிரித்தார். "உங்கள் குருதி இருட்டில் ஒளிர்ந்திருக்கிறது, அந்த ஒளியை எண்ணித்தான் இந்த எண்ணைப் போட்டிருக்கிறார்கள்" என்றார்.

ஒரு தமிழாசிரியையிடம் இவ்வாறு சொல்லிவிட்டு அவர் தப்ப முடியுமா? அன்று தொடங்கிய கேள்விகளின் பயனே இவ்வுரை.

இருட்டறையில் கண்டது

மின்வாய் என்பது யாது? ஒரு கரைசலுக்குள் மின்சாரத்தைச் செலுத்தத் தோய்த்து வைக்கும் கம்பி, தகடு, அல்லது கரிக்குச்சி. மின்கலத்தின் நேர்முனையோடு இணைந்தது நேர்மின்வாய், மற்றையது எதிர்மின்வாய். நேர்மின்வாயை அடையும் மூலக்கூறு எலக்ட்ரானை இழக்கும். எதிர்மின்வாயை அடையும் மூலக்கூறு எலக்ட்ரானைப் பெறும். இழத்தலை ஆக்சிஜனேற்றம் என்றும் பெறுதலை ஒடுக்கம் என்றும் பாடநூல்கள் குறிக்கின்றன. தண்ணீரைப் பிரிப்பதும் பாத்திரத்துக்கு வெள்ளி முலாம் பூசுவதும் இவ்வழியிலேயே நிகழ்கின்றன. அவற்றில் ஒளி இல்லை. சில பொருள்களைக் கரைத்து வைத்தால் மட்டுமே ஒளி பிறக்கிறது.

"சொன்னால் நம்பமாட்டீர்கள், வந்து பாருங்கள்" என்று அம்மையார் ஒரு மாலை என்னை ஆய்வகத்துக்கு அழைத்தார். சாளரங்களைக் கறுப்புத் துணியால் மூடியிருந்தார்கள். ஒரு கண்ணாடிக் குவளையில் லூமினால் என்ற பொருளைக் காரக் கரைசலில் கலந்து, சில துளி ஹைட்ரஜன் பெராக்சைடும் விட்டிருந்தார்கள். குற்றம் நடந்த இடத்தில் குருதிக்கறையைத் தேடுவோர் தெளிக்கும் அதே லூமினால்தான். மின்வாய்களாக இருந்தவை இரண்டு பென்சில் கரிக்குச்சிகள். கவிதை எழுதும் பொருளே கரைசலுக்குள் நிற்பதைக் கண்டு எனக்கு ஒருவகை உறவுணர்வு தோன்றிற்று.

விளக்கை அணைத்தார்கள். உடனே ஒன்றும் தெரியவில்லை. கண் இருளுக்குப் பழகட்டும் என்று பத்து நிமிடம் அமர வைத்தார்கள். பிறகு மின்கலத்தை இணைத்தார்கள். நேர்மின்வாயாக இருந்த குச்சியைச் சுற்றி நீலம் படர்ந்தது. குச்சி தெரியவில்லை; அதைத் தழுவிநின்ற நீலம் மட்டும் தெரிந்தது. இணைப்பை எடுத்தால் மங்கி மறைந்தது. கொடுத்தால் மீண்டும் பூத்தது. மற்றக் குச்சி இருளாகவே இருந்தது. அங்கிருந்த மாணவியருள் ஒருத்தி, "அம்மா, மின்மினி மாதிரி இருக்கிறது" என்றாள்.

மின்மினியும் மின்சாரமும்

அந்த மாணவி அறியாமலே ஒரு வரலாற்று உண்மையைத் தொட்டுவிட்டாள் என்பதைப் பின்னர்தான் அறிந்தேன்.

மின் என்ற அடிச்சொல் ஒளிவிடுதலைக் குறிக்கும். மின்னல் அதிலிருந்து வந்தது. மின்மினி அதிலிருந்து வந்தது. மிகப் பிற்காலத்தில், வேற்று நாட்டில் கண்டறிந்த ஓர் ஆற்றலுக்குப் பெயர் தேடியபோது மின்சாரமும் அதிலிருந்தே வந்தது. ஆகவே தமிழில் மின்மினியும் மின்சாரமும் ஒரு வேரில் கிளைத்தவை. ஆங்கிலத்தில் இவ்வுறவு இல்லை.

அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் நியூட்டன் ஹார்வி என்ற உயிரியலறிஞர் இருந்தார். 1887இல் பிறந்து 1959இல் மறைந்த அவர், தம் வாழ்நாளை ஒளிரும் உயிர்களுக்கே ஒப்படைத்தவர். மின்மினி, கடலில் ஒளிரும் நுண்ணுயிர், ஒளிரும் காளான் ஆகிய யாவும் அவர் ஆய்வுப் பொருள்கள். விலங்குகளின் ஒளியைப் பற்றி 1920இல் ஒரு நூல் எழுதினார். தொன்மைக் காலம் முதல் 1900 வரை ஒளிர்வைப் பற்றி மாந்தர் அறிந்தவற்றையெல்லாம் திரட்டி 1957இல் ஒரு பெருநூலை வெளியிட்டார். அந்த மின்மினி அறிஞர்தாம் 1929இல் லூமினால் கரைசலில் மின்சாரம் செலுத்தி, மின்வாயில் ஒளி பிறப்பதை எழுதி வைத்தார். நான் ஆய்வகத்தில் கண்ட நீலம் அவர் கண்ட நீலமே.

மின்மினியின் ஒளியும் வேதிவினையால் வருவதே. அதன் உடலில் லூசிஃபெரின் என்ற பொருள் ஆக்சிஜனோடு வினைபுரியும்போது வெப்பத்தாலன்றி வேதியாற்றலாலேயே ஒளி உண்டாகிறது. மின்மினியைத் தொட்டுப் பாருங்கள், சுடாது. குவளையிலும் அவ்வாறே. மின்விளக்கின் இழை சூடேறி ஒளிர்கிறது. இங்கே மின்சாரம் எதையும் பழுக்கக் காய்ச்சுவதில்லை. அது வினைபுரியத்தக்க பொருள்களை உண்டாக்கிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. அப்பொருள்களின் வினையே ஒளியைத் தருகிறது. ஆதலால் இதனை மின்வேதி ஒளிர்வு என வழங்கலாம். மின் முதலில், வேதி நடுவில், ஒளி இறுதியில்: சொல்லின் வரிசையே நிகழ்ச்சியின் வரிசையாகவும் அமைந்துவிடுகிறது.

மின்வாயில் ஒளி தோன்றுவதைக் கண்டவர் ஹார்வி மட்டுமல்லர். செருமானிய அறிஞர் பெர்டினான்ட் பிரௌன், தொலைக்காட்சிப் பெட்டிகளில் நெடுங்காலம் இருந்த படக்குழாயின் முன்னோடியை 1897இல் உருவாக்கியவர். 1909இல் மார்க்கோனியோடு நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர். அவர் 1898இலேயே, அலுமினியம் நேர்மின்வாயாக இருக்கையில் அதன் மேற்பரப்பு மெல்லென ஒளிர்வதைப் பற்றி எழுதியுள்ளார். அது உலோகத்தின்மேல் படியும் ஆக்சைடுப் படலத்தில் நிகழ்வது. வேறு வகையைச் சேர்ந்தது. இன்றைய நம் பொருள் கரைசலில் பிறக்கும் ஒளியே.

இழந்ததும் பெற்றதும் சந்தித்தால்

ஹார்விக்குப் பின் முப்பதாண்டுகளுக்கு மேல் இத்துறை பெரிதும் உறங்கியது எனலாம். 1964, 1965ஆம் ஆண்டுகளில் திடீரென விழித்தது. ஹெர்க்குலிஸ் என்பார் 1964இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். அதே ஆண்டில் விஸ்கோவும் சாண்ட்ராஸும் மற்றோர் ஆய்வை வெளியிட்டனர். 1965இல் அமெரிக்க வேதியியற் கழகத்தின் இதழில் வந்த கட்டுரையில் இரண்டு பெயர்கள் உள்ளன. ஒருவர் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஆலன் பார்டு. மின்வேதியியலில் இருபதாம் நூற்றாண்டின் பேராசான்களுள் ஒருவராகி 2024இல் மறைந்தவர். மற்றொரு பெயர் நம் செவிக்கு இனியது: கே.எஸ்.வி. சந்தானம். பின்னாளில் மும்பையில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் பணியாற்றியவர். இவ்வொளியின் வரலாற்றில், தொடக்கப் பக்கத்திலேயே சந்தானம் என்ற பெயர் இருக்கிறது என்பதை நம் மாணவர் அறிய வேண்டும்.

அவர்கள் கண்டது என்ன? ஒரே பொருளின் மூலக்கூறுகள் கரைசலில் இருக்கின்றன. மின்வாயை ஒருகணம் நேராகவும் மறுகணம் எதிராகவும் மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள். நேராக இருக்கையில் சில மூலக்கூறுகள் ஓர் எலக்ட்ரானை இழக்கின்றன. எதிராக இருக்கையில் வேறு சில மூலக்கூறுகள் ஓர் எலக்ட்ரானைக் கூடுதலாகப் பெறுகின்றன. இழந்ததும் மிகப் பெற்றதும் கரைசலில் ஒன்றையொன்று சந்திக்கின்றன. மிகுதியாக வைத்திருப்பது கொடுக்கிறது, இழந்தது வாங்கிக்கொள்கிறது. அக்கணத்தில் ஒளி பிறக்கிறது.

இங்கே ஓர் ஐயம் எழும். கொடுக்கல் வாங்கல் முடிந்தால் ஆற்றல் வெப்பமாகக் கரைந்துவிடலாமே, ஒளி ஏன்? இக்கேள்விக்கு விடை தந்தவர், கனடாவில் பிறந்து அமெரிக்காவில் ஆய்வு செய்த ருடால்ப் மார்கஸ். உயரம் கூடக் கூட விழும் விரைவும் கூடும் என்பது நம் அன்றாட அறிவு. எலக்ட்ரான் கைமாறும் வினைகளில், ஆற்றல் வேறுபாடு ஓர் எல்லையைக் கடந்தால் விரைவு குறையத் தொடங்கும் என்று அவர் கணித்துச் சொன்னார். கோயில் குளத்தை எண்ணிக்கொள்ளுங்கள். மேற்படியிலிருந்து அடிப்படிக்கு ஒரே தாவாகத் தாவுவது அரிது. இடைப்படியில் கால் வைப்பது எளிது. எலக்ட்ரானும் நேரே அடிநிலைக்குப் போகாமல் இடைப்படியொன்றில் போய் அமர்கிறது. அதைக் கிளர்வுற்ற நிலை என்பர். அங்கிருந்து அது தன் பழைய இடத்துக்கு இறங்குகையில், எஞ்சிய ஆற்றல் ஒளியாக வெளிப்படுகிறது. இவ்வகை ஒளிர்வுக்கு இக்கோட்பாட்டைப் பொருத்தி மார்கஸ் எழுதியதும் 1965இலேதான். கோட்பாட்டின் வியப்பான அந்தப் பகுதி 1984இல் தெளிவாக மெய்ப்பிக்கப்பட்டது. 1992இல் அவருக்கு நோபெல் பரிசு கிடைத்தது.

பிரிதலும் புணர்தலும் திணையொழுக்கத்தின் உரிப்பொருள்கள் என்று வகுப்பில் ஆண்டுதோறும் நடத்துபவள் நான். இதைக் கேட்டவுடன் என் மனம் எங்கே ஓடியிருக்கும் என்பதை நீங்கள் உணர்வீர்கள். ஆயினும் ஓர் எச்சரிக்கையைச் சேர்த்தே சொல்கிறேன். மூலக்கூறு காதலிப்பதில்லை, அதற்குப் பிரிவாற்றாமையும் இல்லை. அறிவியலில் நம் உரிப்பொருளைக் கண்டுவிட்டதாகச் சொல்லிப் பெருமைப்படுவது எளிது. அறிவியலுக்கும் அது நன்மை செய்யாது; தொல்காப்பியத்துக்கும் செய்யாது.

குருதியை அளந்த ஒளி

இனி என் அறிக்கைக்கு வருகிறேன். தொடக்க கால ஆய்வுகள் நீரில்லாக் கரைப்பான்களில் நிகழ்ந்தவை. குருதியோ நீரால் ஆனது. இடைவெளியைக் கடக்கப் பல ஆண்டுகள் பிடித்தன. 1972இல் டோக்கெல், பார்டு ஆகிய இருவரும் ரூத்தேனியம் என்ற உலோகத்தின் சேர்மம் ஒன்று ஆரஞ்சு நிறத்தில் ஒளிர்வதைக் காட்டினர். 1981இல் ரூபின்ஸ்டைனும் பார்டும், ஆக்சலேட் என்ற துணைப்பொருளைச் சேர்த்து நீர்க்கரைசலிலேயே அவ்வொளியைப் பெற்றனர். 1990இல் லேலண்டு, பவல் ஆகியோர் டிரைபுரோப்பைலமீன் என்ற துணைப்பொருளைக் கொண்டு அவ்வொளியை வலுவாக்கினர். 1996 அளவில் இம்முறையில் இயங்கும் பெரிய சோதனைக் கருவிகள் மருத்துவ ஆய்வகங்களுக்கு வந்துவிட்டன. மாரடைப்பின்போது குருதியில் கசியும் புரதத்தையும் மஞ்சட்காமாலைக் கிருமிகளின் சுவட்டையும் அவை தேடுகின்றன. கொரோனாத் தொற்று பரவிய 2020இல், உடலில் எதிர்ப்பொருள் தோன்றியுள்ளதா என்று பார்த்த சோதனைகளுள் ஒன்றும் இம்முறையைச் சேர்ந்ததே.

என் குருதியில் நடந்தது இதுதான். சுரப்பியைத் தூண்டும் இயக்குநீரை மட்டும் இனங்கண்டு பற்றக்கூடிய எதிர்ப்பொருள்கள் இரண்டைக் குருதிநீரில் கலந்தார்கள். ஒன்றின் முதுகில் ரூத்தேனியச் சேர்மம் ஏற்றப்பட்டிருந்தது. மற்றொன்று, காந்தத் தன்மையுள்ள நுண்மணிகளில் ஒட்டிக்கொள்ளக் கூடியது. இயக்குநீர் மூலக்கூறு ஒவ்வொன்றையும் இவை இரண்டும் இருபுறமும் பற்றிக்கொண்டன. காந்தம் அந்த மணிகளை மின்வாயின்மேல் இழுத்து நிறுத்தியது. பற்றப்படாதவை கழுவி அகற்றப்பட்டன. மின்னழுத்தம் தரப்பட்டதும் ரூத்தேனியம் ஒளிர்ந்தது. எத்தனை இயக்குநீர் மூலக்கூறுகளோ அதற்கேற்ற ஒளி. எல்லாம் பதினெட்டு நிமிடத்தில் முடிகிற வேலை.

தைராக்ஸின் எவ்வளவு நுண்ணியது என்பதையும் சொல்ல வேண்டும். நலமுள்ளவர் ஒருவரின் ஒரு லிட்டர் குருதிநீரில் கட்டற்று உலவும் தைராக்ஸின், ஏறத்தாழ ஒரு கிராமில் பத்துக் கோடியில் ஒரு பங்கு. அந்த அளவில் ஏற்படும் ஏற்றத்தாழ்வே என் குரலைக் கொண்டுபோயிற்று. நான் கற்ற பாடலின் மூன்றாம் அடியைக் கொண்டுபோயிற்று. இதே ஒளிர்வு முறையே அதையும் அளந்தது.

அத்துணை நுண்ணியதை எப்படி அளக்க முடிகிறது? அம்மையார் தந்த விடை என்னை நெடுநாள் சிந்திக்க வைத்தது. ஒளிரும் பொருள்களைக் கொண்டு அளக்கும் வேறு பல முறைகளில், வெளியிலிருந்து ஒரு விளக்கின் ஒளியைப் பாய்ச்ச வேண்டும். அப்போது பொருள் ஒளிரும். கூடவே பாய்ச்சிய ஒளியும் எங்கும் சிதறும். அருகிலுள்ள வேண்டாத பொருள்களும் சிறிது ஒளிரும். அச்சிதறலில் மெல்லொளி மூழ்கிப் போகும். மின்வேதி ஒளிர்வில் வெளிவிளக்கே இல்லை. அறை முழு இருளாக இருக்கிறது. அங்கே பிறக்கும் ஒளி, பொருளின் ஒளி மட்டுமே. இருள் முழுமையாக இருப்பதாலேயே மிகச் சிறிய ஒளியும் கணக்கில் வருகிறது.

கவிஞர்களுக்கு ஒரு விண்ணப்பம்

இவ்விடத்தில் சற்று உரிமையோடு பேசப் போகிறேன், பொறுத்தருள வேண்டும்.

இந்த மலர்க்குழுவில் நானும் ஓர் உறுப்பினர். பத்தாண்டுக் கவிதைகளைத் தொகுக்க அமர்ந்தபோது, ஒளி, சுடர், விளக்கு, விடியல், கதிர் ஆகிய சொற்கள் எத்தனை இடங்களில் வருகின்றன என்று எண்ணத் தொடங்கினேன். பாதியிலேயே நிறுத்திவிட்டேன். எண்ணிக்கை மிகுந்ததால் மட்டுமன்று. அவற்றுள் பல என்னுடையவை. தாயைப் பாடினால் விளக்கு. தமிழைப் பாடினால் சுடர். போராட்டத்தைப் பாடினால் விடியல். பாடுபொருளைத் தானே ஒளிரவிடாமல், வெளியிலிருந்து விளக்கைப் பாய்ச்சுகிறோம். நாம் பாய்ச்சிய ஒளியே திரும்பி வருகிறது. பொருளின் மெல்லொளி அதில் மூழ்கிப் போகிறது. பிறகு அதைக் கவிதை என்று கைதட்டிக்கொள்கிறோம்.

என் தாயைப் பற்றி நான் எழுதிய கவிதையொன்று இத்தொகுப்பில் வரவிருந்தது. 'என் இருளை விரட்டிய ஒளியே' என்று தொடங்கும் அதை எடுத்துவிட்டேன். அம்மா என் கைப்பிடித்து மருத்துவமனைப் படியேறியதும், என் பெயரை அழைக்கும்வரை முந்தானையால் விசிறிக்கொண்டே பக்கத்தில் அமர்ந்திருந்ததும், "என்னடி எழுதியிருக்கிறது?" என்று கேட்டதும் அக்கவிதையில் இல்லை. இருந்திருந்தால் அதில் விளக்கே வேண்டியிருந்திராது. பழைய அகப்பாடல்கள் இன்றும் நம்மைத் தொடுவதற்கு இதுவே காரணம் என்பது என் எண்ணம். ஒரு பூவையும் ஒரு பறவையையும் ஒரு பொழுதையும் வைத்துவிட்டுப் புலவர் விலகிக்கொள்கிறார். ஒளியைக் கேட்பவர் நெஞ்சிலேயே பிறக்க விடுகிறார்.

இரண்டாவது விண்ணப்பம் சொல்லைப் பற்றியது. என் தாயின் கேள்விக்கு அன்று நான் வாயடைத்து நின்றேன். நேர்மின்வாய், எதிர்மின்வாய், மின்னாற்பகுப்பு, மின்பகுளி, நின்றொளிர்தல் எனத் தமிழில் சொற்கள் இல்லாமல் இல்லை. பள்ளிப் பாடநூல்களிலும் கலைச்சொல் அகராதிகளிலும் அவை இருக்கின்றன. அவற்றை வாய்விட்டுச் சொல்லும் அவைதான் இல்லை. தேர்வுத்தாளோடு அவை முடிந்துவிடுகின்றன. நின்றொளிர்தல் என்ற சொல்லை எண்ணிப் பாருங்கள். ஒளியூட்டியது போன பின்னும் நின்று ஒளிர்வது என்ற பொருளை எத்துணைச் சுருக்கமாகத் தருகிறது! அதை ஆக்கியவர் யாராயினும் அவரும் கவிஞரே. இத்தகைய சொற்களைப் புழக்கத்தில் வைத்திருப்பது இலக்கிய வட்டங்களின் கடமை எனக் கருதுகிறேன். ஆண்டுக்கு ஒருமுறையேனும் ஓர் அறிவியல் ஆசிரியரை அழைத்து, அவர் துறையைத் தமிழில் பேசச் சொல்வோம். அவர் திணறினால் சொல் எடுத்துக் கொடுப்போம். நாம் பிழையாகப் புரிந்துகொண்டால் அவர் திருத்தட்டும். இவ்வுரையைக்கூட வேதியியல் துறை அம்மையாரிடம் படித்துக் காட்டிய பிறகே கொண்டு வந்திருக்கிறேன். நான்கு இடங்களில் திருத்தினார். ஐந்தாவதாக ஓர் உவமையை அடித்தார், வருத்தத்தோடு ஒப்புக்கொண்டேன்.

ஒளிர்பவரும் கரைபவரும்

முடிக்கும் முன் ஒன்று. மின்வாயில் ரூத்தேனியம் ஒளிர்கிறது என்றேன். அது தனியாக ஒளிர்வதில்லை. டிரைபுரோப்பைலமீன் என்ற நெடும்பெயருடைய துணைப்பொருளைக் குறிப்பிட்டேன் அல்லவா? இரண்டும் நேர்மின்வாயில் ஆளுக்கோர் எலக்ட்ரானை இழக்கின்றன. துணைப்பொருள் அதன்பின் ஒரு புரோட்டானையும் உதிர்த்துவிட்டு, எலக்ட்ரானைக் கொடுத்துவிடத் துடிக்கும் நிலையை அடைகிறது. அது கொடுப்பதைப் பெற்றே ரூத்தேனியம் கிளர்வுற்று ஒளிர்கிறது. ஒளிர்ந்து முடித்ததும் பழைய நிலைக்குத் திரும்பி, மீண்டும் இழந்து, மீண்டும் பெற்று, மீண்டும் மீண்டும் ஒளிர்கிறது. துணைப்பொருள் திரும்புவதில்லை. அது சிதைந்து வேறு பொருள்களாகிக் கரைசலில் கலந்துவிடுகிறது. அறிக்கையில் அதன் பெயர் வருவதில்லை.

மூலக்கூறுக்கு ஈகம் என்றொன்று இல்லை என்பதை அறிவேன். சற்று முன்தான் உங்களை எச்சரித்தேன். ஆகவே மூலக்கூறைப் பற்றிச் சொல்லவில்லை, நம்மைப் பற்றிச் சொல்கிறேன். இந்த வட்டத்தின் பத்தாண்டுகளில் மேடையில் ஒளிர்ந்தவர்கள் பலர். அவர்கள் பெயர்கள் இம்மலரில் இருக்கும். மாதந்தோறும் அஞ்சலட்டை எழுதியவர், மழைநாளில் நாற்காலிகளை உள்ளே இழுத்துப் போட்டவர், நான்கே பேர் வந்த கூட்டத்திலும் தேநீர்க் குடுவையை நிறைத்து வந்தவர், இறுதியில் விளக்கணைத்துக் கதவைப் பூட்டிச் சாவியைக் கொண்டுபோய்க் கொடுத்தவர் ஆகியோர் பெயர்கள் எந்தப் பக்கத்திலும் இல்லை. அவர்களுள் இருவர் இன்று நம்மிடையே இல்லை. அவர்களுக்கென ஒரு பக்கத்தை இம்மலரில் ஒதுக்க வேண்டும் என்று மலர்க்குழுவில் கேட்டேன். இன்று உங்கள் முன்னும் கேட்கிறேன். அடைமொழி எதுவும் வேண்டாம். விளக்கு, சுடர் எதுவும் வேண்டாம். பெயரையும், அவர் செய்த வேலையையும், செய்த ஆண்டுகளையும் மட்டும் அச்சிட்டால் போதும்.

என் குரல் திரும்பிய பின் நான் ஏறும் முதல் பெரிய மேடை இது. இதுவரை கம்மாமல் பேசிவிட்டேன். முன்வரிசையில் என் தாய் அமர்ந்திருக்கிறார். அம்மா, அந்த ஐந்து எழுத்துக்குப் பொருள் இதுதான்.